வலிக்காத பக்கத்துப் பல்

பல் தேய்த்த கையோடு காபி குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நீங்கள் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, உட்காருங்கள். என் உதவியாளர் ஜான்சி சொன்னதை எழுதிக்கொண்டீர்கள் அல்லவா, நான் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரூட் கெனால் என்பது பல்லின் வேருக்குள் இருக்கும் அழுகலைச் சுரண்டி, மருந்துநீரால் கழுவி அடைப்பது. எல்லோரும் ஹைப்போகுளோரைட்டில் கழுவுகிறார்கள். தரை கழுவும் ப்ளீச்சில் இருப்பதும் அதுதான். நான் வேப்பிலையில் ஒரு கரைசல் காய்ச்சினேன். எது மேல் என்று காட்ட வேண்டும். வாய்க்கு வாய் கிருமி வேறுபடும். ஆகவே ஒரே வாயில் இரண்டு பற்களை ஒப்பிடுவதுதான் நியாயம்.

ஆனால் கச்சேரி ரோட்டில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஒரு பல்லைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் எதிர்ப்பக்கத்து நல்ல பல்லையும் திறந்தேன். மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான். மொத்தம் முப்பது பேர்.

அழுகிய பல்லில் சோதிக்காத மருந்தை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அதற்கு ஹைப்போகுளோரைட். என் கரைசல் நல்ல பல்லுக்கு மட்டும்.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் கெங்கம்மா வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதலில் சந்தேகப்பட்டவள் அவள்தான்.

"டாக்டரே, வலி இந்தாண்ட கீது. அந்தாண்ட இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீற?"

"உள்ளே சொத்தை. வெளியே தெரியாது" என்றேன்.

ஜான்சி எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினாள். "சார், இந்தப் பல்லு நல்லாத்தானே இருக்கு?" அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்ப்பாள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் கெங்கம்மாவின் இடது தாடை வீங்கியது. மறுநாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. மகள் பாஞ்சாலி போன் செய்தாள்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குது டாக்டர். வாயே தொறக்க முடில."

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இடது பல்லை ஏன் தொட்டீர்கள் என்று கேட்பார்கள். மாலையில் அவர்களாகவே ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் பற்களைக் கழுவிய அன்றே ஆய்வுக்கான சாம்பிளை எடுத்துவிட்டேன். முடிவை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஹைப்போகுளோரைட்டில் கழுவியவற்றில் ஆறு பற்களில் கிருமி மிச்சம் இருந்தது. என் கரைசலில் கழுவிய முப்பதில் ஒன்றில்கூட இல்லை. கெங்கம்மாவின் இடது பல் அன்றைக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.