ஒட்டகக்கடிக்கு இடமுண்டு

நிஸ்ரின்: இப்பமும் பூஜ்யம்தான் காட்டுது அஸ்வதி. நீயே பாரு.

அஸ்வதி: ரிஃப்ரெஷ் பண்ணிப் பாத்தியா?

நிஸ்ரின்: பத்து தடவ பண்ணியாச்சு. சக்கரம் சுத்தும்... சுத்தும்... கடைசில ‘நீங்கள் எந்த நோயாளியையும் பார்க்கவில்லை’.

அஸ்வதி: கேஸு ஏத்துறதுக்குன்னு ஒரு சவம் புடிச்ச ஆப்பு! இத உண்டாக்கினவன் ஒருநாளாவது வார்டுல நின்னிருப்பானா?

நிஸ்ரின்: ஒட்டகம் கடிச்சா போட இடமுண்டு. பாம்பு கடிச்சா இடமில்ல. ஆரல்வாய்மொழில இருந்து வந்தாரே ஒரு பெரியவர், அவர ஒட்டகம் கடிச்சவராட்டு ஏத்தினேன்.

அஸ்வதி: எங்கிட்ட ஒரு ஆம்பளைக்கு கடைசி மாதவிலக்கு தேதி கேட்டுது. போடாம அடுத்த பக்கம் போவாது.

நிஸ்ரின்: சிரிக்காத ஏட்டி.

அஸ்வதி: சிரிக்கல்ல...

நிஸ்ரின்: லிஸ்டு ஒட்டியாச்சு. பரீட்ச எழுத முடியாதவங்க மூணு பேரு. அதுல நான் ஒருத்தி. இனி ஆறு மாசம் கழிச்சு ஜூனியர் பிள்ளைகளுக்க கூட இருந்து எழுதணும்.

அஸ்வதி: மேடத்துகிட்ட நோட்டக் காட்டினியா?

நிஸ்ரின்: காட்டினேன். நாப்பது கேஸு போதும், நான் நாப்பத்தொண்ணு பாத்திருக்கேன். எல்லாத்துலயும் அவங்க கையெழுத்து. ‘கையெழுத்து என்னோடதுதாம்மா, ஆனா சிஸ்டத்துல இல்லியே’ன்னாங்க.

அஸ்வதி: பக்கத்துல நின்னு பாத்தவங்க தான...

நிஸ்ரின்: கம்பெனிக்கு மெயில் போடச் சொன்னாங்க. போட்டேன். எங்க சேவைக்கு எத்தன நட்சத்திரம் குடுப்பீங்கன்னு கேட்டு பதில் வந்துது.

அஸ்வதி: வீட்டுல சொன்னியா?

நிஸ்ரின்: உம்மாட்ட சொன்னேன். ‘கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா மக்கா? நீ வார்டுக்குப் போவாம எங்க போன?’ன்னு கேட்டா.

அஸ்வதி: அய்யோ... நான் வந்து உம்மாட்ட பேசட்டா?

நிஸ்ரின்: என்னத்தப் பேசுவ?

அஸ்வதி: நீ ஒருநாளும் வார்டுக்குப் போவாம முடங்கலன்னு...

நிஸ்ரின்: உனக்கு எத்தன கேஸு ஏறியிருக்கு?

அஸ்வதி: எனக்கா... வேண்டியது இருக்கு.

நிஸ்ரின்: எத்தன?

அஸ்வதி: அம்பத்தாறு.

நிஸ்ரின்: டெங்கு வந்து ஒன்றர மாசம் தக்கலைல வீட்டுல கெடந்தியே.

அஸ்வதி: அதுக்கு முன்னால கொஞ்சம்... விடு. பஸ்ஸு வருது, வா.

நிஸ்ரின்: போவட்டும். எனக்க போன்ல பாக்கத்தான் முடியும், ஏத்த முடியாதுன்னு லேப் கம்ப்யூட்டர்லதான் ஏத்தினேன். எனக்கு முன்னால அதுல இருந்தது நீ.

அஸ்வதி: நான் லாக் அவுட் குடுத்தேன் நிஸ்ரின். சத்தியமாட்டு குடுத்தேன்.

நிஸ்ரின்: குடுத்தாலும் மூடாதாம். லேப்ல உள்ள சிஜின் அண்ணன் நேத்து நோண்டிப் பாத்துச் சொன்னாரு. மேல எனக்க பேரத்தான் காட்டும். ஆனா ஏத்துறதெல்லாம் உனக்க கணக்குல போயிச் சேரும்.

அஸ்வதி: பஸ்ஸு போயிட்டு...

நிஸ்ரின்: எப்பம் தெரியும்?

அஸ்வதி: காய்ச்சல்ல கெடந்தப்பமே. ஃபோன்ல பாக்கும்போ தினமும் ஒண்ணு, ரெண்டுன்னு ஏறிச்சு. எனக்கு சொந்தமாட்டு பதினஞ்சுதான் இருந்துது. இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு... எந்திரி. மேடத்துகிட்ட போவலாம். நானே சொல்லுதேன்.

நிஸ்ரின்: காலைல நானே சொல்லியாச்சு. ‘அவ பேர பரீட்ச எழுதுறவங்க லிஸ்டுல இருந்து எடுக்க முடியும், உன் பேரச் சேக்க வழி இல்ல’ன்னாங்க. உனக்க பேர எடுக்கண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் இங்க வந்து இருந்தேன்.