பச்சைப் பொத்தான்

சிவப்பு நிறத்தை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை, சார். கல்யாணக் கார்டு வடிவமைப்பதுதான் என் தொழில் என்பதால் எந்த நிறம் கண்ணை உறுத்தும் என்று தெரியும். ஆன்ட்ரூஸ் அத்தானின் மெஷின் திரையிலும் ஒரே ஒரு பொத்தானைத்தான் சிவப்பாக வைத்தேன்.

அத்தான் என்றால் என் அக்காள் கிளாராவின் வீட்டுக்காரர். சார்ஜாவிலிருந்து வந்த பிறகு, 2013இல், பொழுதுபோக்காக அந்த மரம் செதுக்கும் மெஷினை வாங்கினார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி அதுவே செதுக்கும். கடியப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, சிலுவையும் மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயர்ப் பலகையும் செய்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் கோயில் மணியில் தொடங்கியது. மதியம் மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தால் அத்தான் எந்த வேலையையும் அப்படியே நிறுத்திவிடுவார். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பார். கரண்ட் போனால் மெஷின் நின்ற இடத்தை மறந்துவிடும். பாதி செதுக்கிய பலகை விறகுதான். அதனால் அவர் கேட்டுத்தான் திரையை மாற்றினேன். சிவப்பைத் தொட்டால் இடம் மாறாமல் நிற்கும், பச்சையைத் தொட்டால் தொடரும். ஓரங்களில் கொடியும் பூவும் வரைந்தேன். தூக்கம் கெட்டுச் செய்த வேலை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அத்தான் அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏலே மக்கா, இது என்ன கல்யாணக் கார்டா? மெஷினுக்கு எதுக்குலே இந்தச் சோடனை? இந்தப் பலகை முடியட்டும், கம்பெனிக்காரன் போட்ட பழைய ஸ்கிரீனையே வச்சிரு.”

அக்காளும் சேர்ந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது, அவ்வளவுதான்.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். சிவப்பைத் தொட்டு நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாகவே மறுபடி ஓடும். பச்சைப் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு வேலை எதுவும் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. செபம் முடிந்து சிலுவை அடையாளம் போட்டதும், பச்சையைத் தொடுவதற்கு முன்னால், அத்தான் செதுக்கும் கட்டரைச் சுற்றியுள்ள தூசியை விரலால் தள்ளிவிடுவார். பிரஷ் வாங்கிக் கொடுத்தும் தொட மாட்டார். சிவப்பைத் தொட்டதிலிருந்து அதுவரை ஆகும் நேரத்தை முந்திய இரண்டு மூன்று நாளும் செல்போனில் அளந்து பார்த்துச் சராசரி எடுத்திருந்தேன். வேலையென்று வந்துவிட்டால் குத்துமதிப்பாகச் செய்வது எனக்கு ஆகாது.

மறுநாள் மணி அடித்தபோது நானும் ஷெட்டில்தான் இருந்தேன். எழுந்து நின்று செபம் சொன்னேன். அக்காள் அடுக்களையிலிருந்து பதில் சொன்னாள். அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு பலகைப் பக்கம் குனிந்தார். சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அணைத்திருந்தால் பலகை பாழாகியிருக்கும்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. மெஷின் கோளாறு என்று ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதியிருப்பதாக அக்காள் சொன்னாள். அதைத் திருத்தத்தான் வந்தேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, சார். நான் எழுதியபடி ஒரு விநாடி பிசகாமல் ஓடியது.

அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். இடது கைக்குத் தோதாக இருக்கட்டும் என்று பொத்தான்களை இடப்பக்கம் மாற்றி வைத்து, ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கொடியையும் பூவையும் எடுக்கவில்லை. வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இந்த முறை சிரிக்கவில்லை. பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.