சாவு வீட்டு ஆணியில் ஐஸ் அறைச் சாவி

கடலைப் போலப் பொறுத்தும் கடலைப் போலச் சீறியும் நம் மீனவர் சங்கத்தை நடத்திவரும் தலைவர் தேசப்பன் அவர்களே! இவள் இன்று என்ன விஷமம் செய்வாளோ என்று முன்வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! தலைச்சுமையை இறக்கிவிட்டு, மனச்சுமையை இறக்க இடமில்லாமல் வந்திருக்கும் தாய்மார்களே! கோவளம் குப்பத்து மணலில் என்னோடு உருண்ட தோழர்களே! சின்னப்பொண்ணு மகள் வச்சலாவின் வணக்கம்.

தலைவர் உட்காருமுன் நாற்காலியைத் தடவிப் பார்த்தார். அஞ்சாதீர்கள் ஐயா, இன்று நான் கோந்து தடவவில்லை. உங்களுக்கு ஐஸ் வைக்கவும் வரவில்லை. வைத்த ஐஸ்தான் உருகி ஓடிவிட்டதே!

நம் ஐஸ் அறையைத் தரகரிடம் விட்டுவிடலாமா என்று முடிவெடுக்கத்தானே கூடியிருக்கிறோம்? விடுமுன், அது எழுந்த கதையைச் சொல்ல விடுங்கள்.

அறை இல்லாத காலத்தில் தரகர் சொன்னதே விலை. ஏன்? வெயில் அவர் பக்கம் நின்றது! மறுத்தால் மத்தியானத்துக்குள் மீன் நாறும். "அவன் நம்ம மீன வாங்கல, நம்ம அவசரத்த வாங்கிகினு போறான்" என்றாள் என் அம்மா. வீடு வீடாகப் போனாள். பணம் கேட்டாளா? இல்லை. கட்டுமரத்துக்கு ஒரு கூடை என்று மீன் கேட்டாள். கூடை சுவராயிற்று; சுவர் அறையாயிற்று. செங்கல்பட்டு லாரி ஐஸ் கொண்டுவந்து இறக்கியது, மீனை ஏற்றிப்போனது. மரத்தூள் ஐஸைக் காத்தது. ஒரு நாள் காத்திருக்கக் கற்றோம். தரகரே நமக்காகக் காத்திருந்தார்! அடுத்து நெம்மேலிக்கும் ஓர் அறை என்று அம்மா திட்டம் போட்டாள்.

திட்டம் போட்டவளைப் போன சித்திரையில் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

சாவு விழுந்தால் நம் குப்பத்தில் எவரும் கடலுக்குப் போவதில்லை; எவர் கையும் தொழிலைத் தொடுவதில்லை. அறைக்குள்ளோ முந்தின நாள் மீன் குவிந்து கிடந்தது. சாவி எங்கே? எங்கள் வீட்டு ஆணியில், அம்மாவின் தலைமாட்டுக்கு மேலே! காலையில் லாரி வந்தது. பந்தலிலிருந்த ஜம்புலிங்கம் மாமா எழுந்துபோனார். நடந்ததை டிரைவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

"இன்னா நைனா, சாவு வூட்டாண்ட ஆரன் அடிச்சிகினு கீற?"

"ஐஸ் உருகுது அண்ணாத்த! சாவி யாராண்ட கீது?"

"உள்ள தொங்குது. பொணத்தாண்ட போயி சாவி கேக்கச் சொல்றியா? மனுசனா நீ?"

லாரி திரும்பிற்று. ஊர் அழுதது, கதவிடுக்கு வழியே அறையும் அழுதது. துக்கம் முடிந்து திறந்தபோது உள்ளே நிற்க முடிந்ததா? ஒரே வாரத்தில் இரண்டு குழி தோண்டினோம். அம்மாவுக்கு ஒன்று. அவள் சேர்த்த மீனுக்கு ஒன்று. எந்தக் குழிக்கு அதிகம் அழுதேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என்ன மாமா? "உங்கம்மாவுக்கு மரியாத செஞ்சது தப்பாடீ?" என்கிறீர்களா? தப்பில்லை மாமா. மரியாதைதான். அந்த மரியாதையில் அவளை இரண்டாம் முறையும் சாகவிட்டோமே! யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் கதவும் திறக்கவில்லை. துக்க வீட்டில் போய்க் கேட்கக் கூச்சம். சரி, துக்க வீடே சொல்லட்டும்! எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், "போய் அறையத் தொறங்க" என்று அந்த வீட்டாரே முதலில் சொல்ல வேண்டும். இதைச் சங்கத்து விதியாக்குங்கள்.

அந்த ஒரு நட்டத்துக்குப் பயந்து அறையைத் தரகரிடம் விட்டால்? நம் சாவுக்கு அவர் கதவு மூடாது; நம் பசிக்கு அவர் கதவு திறக்காது!

இதோ சாவி. மேசைமேல் வைக்கிறேன். தரகருக்குத்தான் என்றால் தலைவர் எடுத்துக் கொடுக்கட்டும். இல்லையென்றால் திருப்பித் தாருங்கள், அதே ஆணியில் மாட்டுகிறேன். என் வீட்டில் மறுபடி சாவு விழுந்தாலும் வாருங்கள். அழுதுகொண்டே எடுத்துத் தருவேன்.

ஒரு குறும்புக்காரியின் புலம்பலைப் பொறுத்த பெரியோர்களுக்கும், முந்தானையால் கண் துடைக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. இரு கையும் கூப்பி வணங்குகிறேன் தலைவரே. என் கையில் இப்போது சாவி இல்லை.