தாராக்காரியின் கூடை

பீங்கானைத் துடைக்க ஈரத்துணி பாவிக்கக் கூடாது. எங்கள் கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. ஈரமும் சேர்ந்தால் மினுக்கம் போய்விடும். மெத்தென்ற பிரஷ் வேண்டும். என் மனுசன் மௌத்தான பிறகு அவருடைய சவர பிரஷைத்தான் இதற்கு எடுத்துக்கொண்டேன். அவர் இருந்த காலத்தில் இவ்வளவு பயன்பட்டதாக நினைவில்லை.

நீங்கள் கேட்டது மருமகனைப் பற்றி. அங்கேதான் வருகிறேன், சேர்.

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு மேடத்திடம் ஸ்பெயின் தேசத்துப் பழைய பீங்கான் பொம்மைகள் ஒரு சுவர் நிறைய இருந்தன. அந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததாகத்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் பொலிஸ் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். விரல் உடைந்த தாராக்காரிப் பொம்மையை மேடம் குப்பையில் போடச் சொன்னாள். நான் என் பெட்டியில் போட்டேன். கையில் கூடை, காலடியில் தாரா வாத்துகள், அடியைத் திருப்பினால் நீல முத்திரை. பிறகு கல்முனையில் வீடு கட்டி, கொழும்பில் வீட்டைக் காலிசெய்து போகிற வெள்ளைக்காரரிடமும் அறுகம்பே விடுதிக்காரரிடமும் ஒவ்வொன்றாக வாங்கினேன். ஹோலில் ஷோகேஸ் செய்வித்தேன்.

ஆதிலா என் ஒரே மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். அவள் பெயருக்கு வீட்டை எழுதிவிட்டு நான் குசினிப் பக்கத்து அறைக்கு நகர்ந்தேன். ஷோகேஸ் ஹோலிலேயே நின்றது. ஜெஸீம் மாப்பிள்ளையாக வந்து குடியேறினார். நல்ல பிள்ளை. அவருக்கு மூச்சு இழுப்பு இருந்ததை மட்டும் கலியாணம் முடியும்வரை அவர் வீட்டார் மறைத்துவிட்டார்கள். அறுவடைக் காலத்தில் தூசிக்குப் பயந்து வயல் பக்கமே போகமாட்டார். இழுப்பு வந்தால் வாயில் அடிக்கிற நீலப் பம்ப் எப்போதும் ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும். நான் அதைக் குறையாக எடுக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "மாமி, உருவப் பொம்ம இரிக்கிற ஊட்டுக்க மலக்குமார் வரமாட்டாங்க." மலக்குமார் என்றால் வானவர்கள், சேர்; அருளைக் கொண்டுவருவதும் உயிரை எடுக்க வருவதும் அவர்கள்தான்.

"மலக்குமாரா, மகன், இந்த ஊட்டக் கட்டின? நான்தானே கட்டின" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் தலைவர் அஸ்கி ஹாஜியாரைக் கூட்டி வந்தார். ஹாஜியார் என் இஞ்சிப் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, நடனமாடும் பீங்கான் பெண்ணின் தோளை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு, இது கூடவே கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அவர் வீட்டுக் கேட்டின் இரண்டு தூணிலும் சீமெந்துச் சிங்கங்கள் நிற்கின்றன. அதைக் கேட்டேன்.

"அது வேற புள்ள. அது மதிலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இரிக்கி. மலக்குமார் ஊட்டுக்குள்ளதானே வாற."

மார்க்கத்தில் இவ்வளவு இடவசதி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

மருமகன்தான் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். "தலைய மட்டும் எடுத்தாப் போதும் மாமி. பொறகு அது உருவமில்ல. நீங்களும் வெச்சிக்கலாம், மலக்குமாரும் வருவாங்க." சொல்லிவிட்டு, புத்தகம் வாசிக்கும் பெண்ணை வெளியே எடுத்து, டைல் அறுக்கிற ஹெக்சோ பிளேட்டால் கழுத்தை அறுத்தார். ஆடு அறுப்பதுபோல பிஸ்மி சொல்லித்தான் அறுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தலையை டிஷுவில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். மரியாதையுள்ள பிள்ளை.

நான் அழவில்லை. மிச்சத்தை அறுக்க வேண்டாம், கொழும்பில் விற்றுவிடலாம் என்றேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ், மாமிக்கு விளங்கிட்டு" என்று ஆதிலாவிடம் சொன்னார். பீங்கானை வைக்கோலில் சுற்றி அனுப்பினால் உடையாது என்று நான்தான் சொன்னேன். இறக்காமத்தில் ஒன்றுவிட்ட தம்பியிடம் சொல்லி, மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலாக ஒரு மூட்டை எடுப்பித்தேன். அது மெத்தென்று இருக்கும். தூசியும் பூஞ்சணமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அன்று சனிக்கிழமை. ஆதிலா மருதமுனைக்குத் தோழி வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தாள். எனக்குக் கை நடுங்கும் என்றதால், பம்ப் இருக்கிற தைரியத்தில் மருமகனே கட்ட உட்கார்ந்தார். ஜன்னல்களைச் சாத்தினேன். வைக்கோல் பறந்தால் பிறகு கூட்டுவது என் மகள்தானே. ஃபிரிட்ஜ் மேலேயும் ஒதுக்கி வைத்தேன். அங்கே கிடந்த பம்பைத் தாராக்காரியின் கூடைக்குள் வைத்து, ஷோகேஸின் மேல்கதவைப் பூட்டித் திறப்பை உருவிக்கொண்டேன்.

கீழ்த்தட்டு முடிவதற்குள் அவருக்கு இழுக்கத் தொடங்கியது. ஃபிரிட்ஜ்வரை போய்த் திரும்பி வந்தவர் கண்ணாடிக்குள்ளே பம்பைக் கண்டுவிட்டார்.

"மாமி... தொறப்பு..."

"தேடுறன் மருமகன், கொஞ்சம் பொறுங்க."

திறப்பு என் முந்தானை முடிச்சில் இருந்தது. அவருக்குப் பொறுமை போதவில்லை. கண்ணாடியை உடைக்கக் கையை ஓங்கினார். கண்ணாடி கையைக் கிழித்துவிடும் என்றுதான் அந்தக் கையைப் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். என் கை நடுங்கவில்லை. அவருடைய கை தானாக இளகும்வரை விடவில்லை.

வைக்கோல் தூசியோடு பொம்மைகளை அப்படியே விட முடியாது. ஒவ்வொன்றாக பிரஷால் தட்டி, பழையபடி அடுக்கினேன். வைக்கோலைப் பின்வளவில் கொளுத்தினேன். பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அடக்கத்துக்கு முந்திய ஜனாஸாத் தொழுகையில் அஸ்கி ஹாஜியார் என் மருமகனின் பக்தியைப் புகழ்ந்து பேசினாராம். நான் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினேன்.

பம்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். மறக்கவில்லை, சேர். அந்தக் கூடை வெறுமையாகவே இருந்து வந்தது. பம்பின் நீலமும் அடி முத்திரையின் நீலமும் ஒன்று. சூளையிலேயே சேர்த்துச் சுட்டதுபோலப் பொருந்தியிருந்தது. எடுக்க மனம் வரவில்லை.

ஆதிலா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தானவள் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. நாள் முழுக்க ஹோலில் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்திருந்தால் பார்ப்பதற்கு அந்த ஷோகேஸைத் தவிர வேறென்ன இருக்கிறது? அவள்தான் உங்களுக்குக் கோல் எடுத்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கிறாள் இல்லை. வீடு அவளுடையது, நான் ஒன்றும் சொல்ல முடியாது. பிரஷ் மேசை லாச்சியில் இருக்கிறது, ஈரத்துணி பாவிக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

மருமகன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் பிழைவிட்டார். மலக்குமார் இந்த வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்றார். அன்று ஒருவர் வந்தாரே. ஷோகேஸுக்கு முன்னால்தான் வந்து நின்றார். ஒரு பொம்மையும் உடையாமல் காரியத்தை முடித்துக்கொண்டு போனார்.