விருந்தாளி அறைக்கு அடித்த பெயிண்ட்

எனக்குச் சுத்தமான காற்று மிகவும் பிடிக்கும். என் கணவர் நந்தகுமாருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் மட்டும் சந்தோஷமாகக் கிளம்பினேன்.

கோடைக்கு அவர் தங்கை ராதிகா வருவதாக இருந்தாள். போன வருஷம் நாலு நாள் என்று வந்து, மழைக்காலம்வரை இருந்தவள். என் சமையலறை டப்பாக்களை அவள் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கியவள். பெயிண்ட் வாடை பட்டால் அவளுக்குத் தலைவலி வரும். அதனால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவரோ சேந்தமங்கலம் வரை போய், வாடையே இல்லாத, உடம்புக்குக் கெடுதல் செய்யாத பெயிண்டாகப் பார்த்து வாங்கிவந்துவிட்டார்.

பெயிண்டர் சின்னராசு வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். "பச்சத் தண்ணியாட்டம் இருக்குதுங்க அக்கா."

அதில் ரசாயனம் கலக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்களும்தானே மூச்சுவிட வேண்டும். நெத்திலிக் கருவாட்டை வறுத்து, மிக்ஸியில் அரைத்து, துணியில் சலித்தேன். கட்டி இருந்தால் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும். சின்னராசு டீ குடிக்கப் போனபோது, விருந்தாளி அறைக்கான வாளியில் மட்டும் கொட்டிக் கலக்கினேன்.

அடித்து முடித்த மறுநாளே பூனைகள் வந்து அந்த அறைச் சுவரை நக்கின.

"என்னங்க கலந்தீங்க?" என்று கணவர் சின்னராசுவைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி சத்தியமா ஒண்ணுங் கலக்கலீங்க."

யார் நம்பினார்கள்? சின்னராசு அடித்தால் சுவர் நாறும் என்று எங்கள் ஆலத்தூர் நாட்டு மலையூர்கள் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பேசிவைத்திருந்த வேலைகளெல்லாம் கைநழுவின. பாவமாக இருந்தது. மோர் கொடுத்தேன்.

ராதிகா வந்தாள். அந்த அறைக்குள் நுழைந்ததும் மூச்சை ஆழமாக இழுத்தாள்.

"கருவாட்டுக் கொழம்பா அண்ணி? எனக்காகவா வெச்சீங்க?"

அவள் கண் கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் குழம்பு வைத்தேன். ஆடி முடிந்துதான் போவேன் என்றாள்.

நேற்று மதியம் சின்னராசு வாசலில் வந்து நின்றார். "ஏனுங்க, எனக்கு ஒருத்தரும் வேல குடுக்கறதில்லீங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றபோது அவர் குரல் உடைந்தது.

"நாந்தான் கருவாட்டப் பொடிச்சுக் கலந்தேன்" என்றேன்.

கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து, சின்னராசுவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, ஊர்க்காரர்களிடம் உண்மையைச் சொல்ல அவரோடேயே புறப்பட்டார்.

"என்னைய முடுக்கறதுக்கா அண்ணி?" என்றாள் ராதிகா.

இல்லவே இல்லை. வந்தவர்களை விரட்டும் புத்தி எனக்குக் கிடையாது. அவளாகத்தான் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் நின்றுகொண்டே போனால் அவளுக்குக் கால் வலிக்குமே என்று, நான் ஓடிப்போய் நாமக்கல் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவைத்தேன்.