கடித்தால் படம்

— கேமரா கார்டு முழுக்கப் படம் இருக்கு. ஆனா வானத்துல எடுத்தது ஒண்ணு இல்ல. ஒண்ணே ஒண்ணு இல்ல! நான் என்ன கேக்குறேன்னா, நீ குதிச்சியா இல்லையா?

— குதிச்சேன் சார். கேமரா மாட்டின ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழட்டல, பாருங்க.

— குதிச்சா படம் எங்க? அந்தம்மா அறுபது வயசுல, ஆசைப்பட்டுக் காசு கட்டி, பாராசூட்டுல விமானத்துலேர்ந்து குதிச்சிருக்காங்க. பேரப்புள்ளைங்ககிட்ட எதைக் காட்டுவாங்க? எவளோ ஒருத்தியோட முழங்காலையா?

— என் முழங்கால்தான் சார் அது.

— எதிர்ப்பேச்சு பேசாதே குருவி! நான் என்ன கேக்குறேன்னா, வெளிய போனதும் சுவிட்சைக் கடிக்கணும்னு உனக்குத் தெரியாதா?

— கடிச்சேன். கடிச்சுக் கடிச்சுத் தாடையே வலிக்குது. கதவு திறக்குறதுக்கு முன்னாடியே கார்டு நிறைஞ்சுபோச்சு. அப்புறம் எங்க விழும் படம்?

— அதைத்தான் கேக்குறேன்! ஏறும்போதே எதுக்கு இத்தனை படம்? ஆகாயத்துல ரெண்டு கையும் காத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும், பொத்தானை அமுக்க முடியாதுன்னுதானே பல் சுவிட்சு வாங்கிக் குடுத்தேன்? கடிச்சா ஒரு படம், கடிச்சபடியே இருந்தா படபடன்னு விழும். அவ்வளவுதான் வித்தை. நாயைப் பழக்கினாக்கூடக் கடிக்க வேண்டிய நேரத்துலதான் கடிக்கும்.

— ஏறும்போதே கேமராவை ஆன் பண்ணி, சுவிட்சை வாயில வச்சுக்கோன்னு சொன்னது யாரு சார்? பயந்துபோன மூஞ்சியும் வேணும், ஜனங்க அதைத்தான் விரும்பிப் பாக்குறாங்கன்னு?

— மூஞ்சியை எடுக்கச் சொன்னேன்மா, மூஞ்சியை! ஒரு கால், ஒரு பட்டை, ஒரு கை. அடுத்த படம், அதே கை. அதுக்கடுத்ததும் அதே கை. சுவிட்சு ரிப்பேர்னு மட்டும் கதை விடாதே.

— சுவிட்சு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கம்பெனியில ஒழுங்கா வேலை செய்யுறது அது ஒண்ணுதான்.

— கொழுப்பு! ஹெல்மெட்டை ஆணியில மாட்டிட்டு இப்பவே நடையைக் கட்டு. இனிமே எந்த ஊர்லயும் எவனும் உன்னை விமானத்துல ஏத்தாத மாதிரி பண்றேன் பாரு.

— குதிரை கீழ தள்ளினது போதாதுன்னு குழியும் பறிக்குதாம். இந்த வேலைக்கு வர நான் எத்தனை தடவை குதிச்சுப் பழகியிருப்பேன், உங்களுக்குத் தெரியாதா?

— அது உன் பாடு. கீழ ஹால்ல பெரிய டிவி இருக்குல்ல, அதுல உன் கார்டைச் சொருகிட்டுத்தான் மாடிக்கு வந்திருக்கேன். முழுசா ஓடட்டும். தப்பு கம்பெனி மேல இல்ல, உன் மேலதான்னு அந்தம்மாவும் பாக்கட்டும், காத்திருக்கிற கூட்டமும் பாக்கட்டும்.

— டிவியில போட்டீங்களா?

— போட்டேன். ரிமோட்டு கவுன்ட்டர்ல பாப்பாகிட்ட இருக்கு. என் தங்கச்சி பாவம், உன்னால வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் பேச்சு வாங்குறா.

— நீங்க முழுசாப் பாத்தீங்களா சார்?

— கம்ப்யூட்டர்ல சின்னச் சின்னப் படமா வேகமா ஓட்டிப் பாத்தேன். அதுக்கே வயிறு பத்தி எரிஞ்சுது.

— போன மாசம் இதே மேசைக்கு முன்னால நின்னு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?

— அந்தப் பழைய கதையை எதுக்கு இப்ப இழுக்குற?

— விமானம் ஏறும்போது உங்க தங்கச்சி மாப்பிள்ளை, பட்டையை இறுக்கிவிடுற சாக்குல என் தொடையில கையை வைக்கிறாரு, எடுக்கவே மாட்டேங்கிறாருன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?

— சின்ன விமானம்மா. புளி மூட்டை மாதிரி அடைஞ்சு உக்காந்திருக்கீங்க, கை படத்தான் செய்யும். கஸ்டமரை உடம்போட கட்டிக்கிட்டுக் குதிக்க அவரை விட்டா இங்க ஆள் இல்ல. பாப்பாவோட வாழ்க்கையும் அதுல இருக்கு. நான் என்ன கேக்குறேன்னா...

— கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.

— என்ன சொன்னேன்?

— "மேல போற வரைக்கும்தானே குருவி, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு"ன்னு சொன்னீங்க.

— ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?

— இருந்தேன் சார். இன்னைக்கு அவரு கையை எடுக்கவே இல்ல. கதவு திறக்குற வரைக்கும் நானும் கடிச்ச பல்லை எடுக்கல. ஹெல்மெட்ல இருக்கிற கேமரா நான் பாக்குற பக்கம்தான் பாக்கும். நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

— அது... அது யாரு கைன்னு எவனால சொல்ல முடியும்?

— மணிக்கட்டுல உயரம் காட்டுற மீட்டர் இருக்கு, சிவப்புப் பட்டை போட்டது. கல்யாணத்துக்கு மச்சான் வாங்கிக் குடுத்ததுன்னு ஊரெல்லாம் காட்டிக்கிட்டு அலைவாரு. வாங்கிக் குடுத்த உங்களுக்கே அடையாளம் தெரியலையா?

— ஐயய்யோ... பாப்பா! ஏய் பாப்பா! ரிமோட்டை எடு! டிவியை நிறுத்து!

— கத்தாதீங்க சார். அக்கா மாடிக்கு வந்து, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இந்த ரூம் கதவுகிட்டதான் நிக்கிறாங்க. ரிமோட்டும் அவங்க கையிலதான் இருக்கு.

— நிறுத்த மாட்டேண்ணா. கல்யாணமான நாள்லேர்ந்து நான் அழுதுக்கிட்டு வந்தப்பல்லாம் நீ என்கிட்டயும் இதையேதான் சொன்ன. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். என் வாயிலதான் சுவிட்சு இல்லாமப் போச்சு.