மிதந்த தவளை

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்ணின் போன் ஸ்பீக்கரில் அவள் தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, உன் தவள செத்துப்போச்சு."

"இன்னாடா சொல்ற?"

"கைகால விரிச்சிக்கினு மேல மிதக்குது. மீன் தொட்டியே நாறிடும். தூக்கி சாக்கடையில போட்டுடறேன்."

"டேய், இரு! அந்தக் குட்டித் தவளைங்க அப்படி மிதந்துக்கினே தூங்கும். நீ வாயப் பொளந்துக்கினு தூங்கசொல்ல உன்னத் தூக்கியா போட்டோம்?"

"கண்ணு தொறந்தே இருக்குதுக்கா."

"தண்ணிக்குள்ள வெரல வுட்டு மெதுவா தொட்டுப் பாரு. வெளிய மட்டும் எடுக்காத, அது தண்ணியிலயே வாழற சாதி, காஞ்சி செத்துடும்."

டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டரும் நின்று கேட்டார்.

"அக்கா! கல்லுக்கு அடியில பூந்துக்கிச்சு!"

"பாத்தியா? போய் அதுகிட்ட சாரி சொல்லு."

பஸ்ஸே சிரித்தது.

நான் முப்பது வருடம் விலங்கியல் ஆசிரியராக இருந்தவன். மயக்க மருந்து கொடுத்த தவளைகளை மெழுகுத் தட்டில் அப்படித்தான் கைகால் விரித்து ஊசி குத்தி வைப்பேன். ஒருமுறை ஒரு மாணவி, "சார், இது அசையுது" என்றாள். "அது வெறும் நரம்பு" என்று சொல்லி, கத்தியை அவள் கையில் கொடுத்தேன். நான் தொட்டுப் பார்க்கவில்லை.